குதிரை மிரண்டு ஓடினால் ஒரு பக்க வார் போதும்

குதிரை மிரண்டு ஓடத் தொடங்கினால் பலரும் கடிவாளத்தின் இரு பக்கமும் கையில் பிடிக்கும் இரண்டு வாரையும் சேர்த்துப் பலமாக இழுப்பார்கள். அது பெரும்பாலும் உதவாது. 400, 500 கிலோ எடையுள்ள விலங்கு கடிவாளத்தின் மேல் சாய்ந்து, உங்களையும் இழுத்துக்கொண்டு ஓடும்.

ஒரு பக்க வாரால் நிற்கப் பழக்குங்கள். முதலில் குதிரை சும்மா நிற்கும்போது செய்ய வேண்டும். ஒரு கையை வாரின் மேல் வழுக்கிக் கீழே கொண்டுபோய், மெதுவாக உங்கள் தொடைப் பக்கம் இழுத்து அங்கேயே பிடித்திருங்கள். குதிரை சுற்றிச் சுற்றி வரலாம், வரட்டும். கால்கள் நின்று, கழுத்து இளகிய அந்த நொடியே வாரைத் தளர்த்திவிடுங்கள். குதிரை கற்றுக்கொள்வது அந்தத் தளர்வில்தான். தாமதித்தால் எதற்காக விட்டீர்கள் என்று அதற்குப் புரியாது. அப்புறம் மறுபக்கம். சரியாக வந்தபிறகு நடையில், பின்னர் மெதுவான ஓட்டத்தில்.

முன்னே உந்தும் விசை பின்னங்கால்களிலிருந்து வருகிறது. கழுத்து வளைந்தால் அந்தக் கால்கள் ஒன்றையொன்று குறுக்கே கடக்க வேண்டிவரும், உந்துதல் குறைந்துவிடும்.

முழு வேகத்தில் ஓடும்போது தலையைச் சட்டென்று திருப்பவே கூடாது. குதிரை தடுமாறி உங்களோடு விழும். பெரிய வட்டமாகத் திருப்பி, கொஞ்சம் கொஞ்சமாக வட்டத்தைச் சுருக்குங்கள். சரிவிலும் குறுகலான பாதையிலும் இதைத் தவிருங்கள்.

தலைக்கவசம் இல்லாமல் பயிற்சியே வேண்டாம். ஒவ்வொரு நாளும் கிளம்புமுன் இரு பக்கமும் ஒரு முறை வளைத்துப் பாருங்கள். கழுத்து விறைப்பாக இருந்தால் அன்று திறந்த வெளிக்குப் போகாதீர்கள்.