சின்ன டீ பேக்கிங் யூனிட்டில் சேரும் பிளாஸ்டிக்: குன்னூரில் நாங்கள் செய்யும் முறை

2019 ஜனவரி 1 முதல் மாநிலம் முழுக்க ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. நீலகிரியில் அதற்கும் பல வருடம் முன்பே கட்டுப்பாடு வந்துவிட்டது. ஆனால் பேக்கிங் யூனிட்டில் சாக்கு, லைனர் (சாக்குக்குள் போடும் மெல்லிய பை), தூள் அடைக்கும் பவுச் ரோலின் துண்டு, பெட்டி கட்டும் பட்டை எல்லாம் சேர்ந்துகொண்டேதான் இருக்கும். கொல்லையில் குவிந்து கடைசியில் யாராவது தீ வைத்துவிடுவார்கள். அந்தப் புகை பள்ளத்தாக்கிலேயே தங்கிவிடும். எங்கள் யூனிட்டில் இதை நிறுத்திவிட்டோம்.

முதல் வேலை, மெஷின் பக்கத்திலேயே நான்கு பெரிய பைகளை மாட்டுங்கள். மூலையில் வைத்தால் யாரும் நடந்துபோய்ப் போட மாட்டார்கள். நெய்த சாக்கும் பட்டையும் பாலிப்ரொப்பிலீன், மெல்லிய லைனர் எல்டிபிஇ (இளகிய வகைப் பாலிஎத்திலீன்), கேன்கள் எச்டிபிஇ (கெட்டியான வகைப் பாலிஎத்திலீன்), நான்காவது பவுச்.

இந்த பவுச்தான் பெரிய தலைவலி. பளபளவென்று இருப்பதால் நல்ல விலை போகும் என்று தோன்றும். உண்மையில் பாலியெஸ்டர், அலுமினியப் பூச்சு, பாலிஎத்திலீன் என்று அடுக்கடுக்காக ஒட்டியது. மறுசுழற்சி செய்பவரால் பிரிக்க முடியாது. லைனரோடு கொஞ்சம் கலந்தாலும் மொத்த மூட்டையையும் தள்ளிவிடுவார்கள். வெள்ளிப் பூச்சு இல்லாத ஃபிலிமில் சந்தேகம் வந்தால், சின்னத் துண்டு வெட்டி, ஒரு சொட்டு சோப்பு விட்ட தண்ணீரில் அமுக்கி விடுங்கள். பாலிஎத்திலீனும் பாலிப்ரொப்பிலீனும் மேலே வரும், பாலியெஸ்டர் மூழ்கும். சோப்பு இல்லாவிட்டால் மூழ்க வேண்டியதும் மிதந்து ஏமாற்றும். ஒட்டிய அடுக்குகளுக்கு இந்தச் சோதனை முழுசாக நம்பத்தக்கதல்ல. ஆகவே பவுச் ரோலிலிருந்து வந்தது எதுவானாலும் நான்காவது பைக்கே போகட்டும்.

அப்புறம் சாக்கு. வாய்த் தையலைக் கத்தரிக்காதீர்கள், நூல் துண்டுகள் சாக்கிலேயே தங்கிவிடும். தையல் முடிந்த முனையில் நூலைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று முழுசும் உருவி வந்துவிடும். தூளை நன்றாக உதறி, கூரைக்குக் கீழே கொடியில் போடுங்கள். ஜூன் தொடங்கி டிசம்பர் வரை இங்கே ஈரம் விடாது. ஈரச் சாக்குக்கு எடையில் கழிப்பார்கள். அதற்காக மாதக்கணக்கில் வெயிலிலும் விடாதீர்கள், இழை நொறுங்கிப் பொடியாகும்.

மூட்டையாக அழுத்திக் கட்டும் பேலிங் மெஷின் தேவையே இல்லை என்பது என் கருத்து. மரப்பெட்டியில் மிதித்து அழுத்தினாலே போதும். லைனர் மூட்டையை லைனரையே முறுக்கிக் கட்டுங்கள். பட்டை போட்டால் வேறு வகை கலந்துவிடும்.

விற்பதற்கு முன், வாங்குபவரிடம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியப் பதிவின் நகலைக் கேளுங்கள். பதிவுள்ளவர் தயங்காமல் தருவார். விற்பதற்காக மலையடிவாரத்து மேட்டுப்பாளையத்துக்கு அடிக்கடி வண்டி அனுப்பினால் கட்டாது. பக்கத்து யூனிட்டுகளோடு சேர்ந்து ஒரே லோடாக இறக்குங்கள். பவுச் மூட்டை சிமென்ட் சூளைக்கு எரிபொருளாகப் போகலாம். அங்கே வெப்பம் 1450 டிகிரியையும் தாண்டும். நம் கொல்லைத் தீ அதற்கு ஈடாகாது.

பின்சேர்க்கை: படித்துவிட்டுச் சிலர், இந்த அடுக்கு பவுச்சே வேண்டாமென்றால் என்ன வழி என்று கேட்டிருந்தார்கள். முழுக்கப் பாலிஎத்திலீனால் ஆன பவுச் கிடைக்கிறது. அடுத்த ஆர்டருக்கு முன் மாதிரி வாங்கி, தூளை நிரப்பி ஒரு மழைக்காலம் முழுக்க வைத்துப் பாருங்கள். மணமும் மொறுமொறுப்பும் நின்றால் தாராளமாக மாறலாம். ரோல் அகலத்தையும் உங்கள் மெஷினுக்குச் சரியாகச் சொல்லி வாங்குங்கள், ஓர வெட்டு அங்கேயே குறையும்.