மடுவுக்குப் போகிறவர்கள் 14ஆம் திகதியே போய்விடுங்கள்

இலங்கையின் மன்னார் மாவட்டத்துக் காட்டுக்குள் இருக்கும் மடு மாதா கோயிலில், மருதமடு அன்னையின் ஆவணித் திருவிழாவுக்கென்று விடுமுறை எடுத்து வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போகிறவர்கள் பலர் செய்யும் தவறை நானும் செய்தேன். ஆகஸ்ட் 15 அதிகாலை வவுனியாவில் வான் வண்டியில் ஏறினால் காலைத் திருப்பலிக்குப் போய்ச் சேரலாம் என்று கணக்குப் போட்டேன். மடுச் சந்தியில் திரும்பிய பிறகும் கோயிலுக்குச் சுமார் 12 கிலோமீற்றர் காட்டுப் பாதை இருக்கிறது. அதில் வாகனங்கள் அசையாமல் நின்றன. இறங்கி நடந்து முற்றத்தை அடைந்தபோது அன்னையின் சொரூப ஆசீர்வாதமே முடிந்து, சனம் பாய் சுருட்டிக்கொண்டிருந்தது. பெரியம்மா அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

அதனால் 14ஆம் திகதி மதியத்துக்குள் போய்விடுங்கள். கொடியேற்றம் 6ஆம் திகதி. ஒன்பது நாளும் நவநாள் நடக்கும். அவ்வளவு நாள் நிற்க முடியாவிட்டாலும் 14 மாலை வேஸ்பர் எனப்படும் மாலைச் செப ஆராதனையைத் தவறவிட வேண்டாம். கோயில் விடுதிகளுக்கு மாதக் கணக்கில் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். இடம் கிடைக்காவிட்டால் கவலை இல்லை: படங்கு (கூடாரம் போலக் கட்டும் தார்ப்பாய்) ஒன்றும் பாய் இரண்டும் கொண்டுபோய் மரத்தடியில் தங்குங்கள். மடுவுக்குப் போவதென்றால் எங்கள் சனத்துக்கு எப்போதும் அதுதான். அடுத்த படங்கில் நீர்கொழும்பிலிருந்தோ சிலாபத்திலிருந்தோ வந்த சிங்களக் குடும்பம் இருக்கும். அடுப்புக்குத் தீப்பெட்டி கேட்க மொழி தேவைப்படாது. கூட்டம் ஒத்துவராதவர்களுக்கு ஜூலை 2 ஆடித் திருவிழா இருக்கிறது.

ரயிலில் வர விரும்பினால் தலைமன்னார்ப் பாதையில் மடு றோட் நிலையம் இருக்கிறது. அந்த நாளில் ரயில் ஓடுகிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

பவனி கூட்டுத் திருப்பலிக்குப் பிறகு தொடங்கும். சொரூபம் வெளியே வந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் முன்னே நெருக்குவார்கள். நீங்கள் ஓரமாக நின்று, சொரூபம் கடந்த பிறகு பின்னால் சேர்ந்துகொள்ளுங்கள். அங்கேதான் நடக்க இடம் கிடைக்கும், செபமாலைக்குப் பதில் சொல்ல மூச்சும் இருக்கும். கைப்பேசியைத் தலைக்கு மேலே தூக்கியபடி பின்னோக்கி நடப்பவர்கள் பெரும்பாலும் எங்களைப் போல வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள்தான். பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. தோளும் முழங்காலும் மூடிய பருத்தி உடை, தண்ணீர்ப் போத்தல், சிறுவர்களின் சட்டைப் பையில் உங்கள் தொலைபேசி எண் எழுதிய துண்டு: இவை போதும். நேர்த்தி வைத்தவர்கள் வெறுங்காலோடு நடப்பார்கள். ஆகஸ்ட் வெயிலில் அந்த மணல் சுடும் சூடு எங்கள் சப்பாத்துக் கால்களுக்குத் தாங்காது, நேர்த்தி இல்லாதவர்கள் செருப்போடு நடக்கலாம்.

பக்கத்தில் நடக்கும் முதியவர் அழுதால் வியக்காதீர்கள். போர்க்காலத்தில் இதே முற்றத்தில் அகதியாக இருந்தவர்கள் பலர் இன்னும் வருகிறார்கள். கத்தோலிக்கரை ஒடுக்கிய ஒல்லாந்தர் காலத்தில் 1670 அளவில் மன்னாருக்கு அருகிலுள்ள மாந்தையிலிருந்து காட்டுக்குள் ஒளித்துக் கொண்டுவரப்பட்ட சொரூபம் இது. 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது குருக்கள் அதை மன்னார்க் கரையோரக் கிராமமான தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். அன்னையும் தங்களைப் போலவே இடம்பெயர்ந்தவள் என்று அந்த முதியவர்கள் சொல்வது வெறும் பேச்சில்லை.

கடைசியாக, மடு மண். பாம்புக்கடிக்கு மருந்து என்று தலைமுறைகளாக நம்பப்படுவது. பெரியம்மா குனிந்து ஒரு பிடி அள்ளி, ஊதிக் குச்சிகளை எடுத்துவிட்டு, சேலைத் தலைப்பில் முடிந்து என்னிடம் நீட்டினார். கனடாவும் அவுஸ்திரேலியாவும் வெளிநாட்டு மண்ணைச் சும்மா உள்ளே விடுவதில்லை. விமான நிலையத்தில் பெட்டியைக் கிளறுவார்கள். நெற்றியில் கொஞ்சம் பூசிக்கொண்டு, மீதியை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது அது அவர் வீட்டுச் சுரூபத் தட்டில், ஒரு பழைய ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள் இருக்கிறது.