தங்கை கைபேசியை நீட்டிக் காட்டும்போது

தமக்கு வந்த ஆபாசக் குறுந்தகவலைத் தங்கையோ தோழியோ உங்களிடம் காட்டினால், படித்து முடித்ததும் நாவில் வரும் முதல் கேள்வியை அடக்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது “நீ என்ன பதில் போட்டாய்?” என்பதாகவே இருக்கும். அதை அவர் தமக்குள் பலமுறை கேட்டுக் குமைந்த பிறகே உங்களிடம் வந்திருப்பார். அனுப்பியவர் மேலதிகாரி என்றால், சங்கடத்தில் பதிலாகப் போட்ட ஒரு சிரிப்புப் படக்குறியையே தம் குற்றமாக எண்ணியிருக்கக்கூடும். அது சம்மதம் அன்று, வேலையைக் காத்துக்கொள்ளும் தவிப்பு.

தொட்டால்தான் தொல்லை என்று கருதுவோர் நம்மிடையே இன்னும் உண்டு. ஆனால் கைபேசி தலையணையருகே கிடக்கும் பொருள். கதவைத் தாழிட்ட பிறகும் அந்தச் சொற்கள் உள்ளே வந்துவிடுகின்றன. அதனால்தான் வாட்ஸ்அப் ஒலி கேட்டாலே நெஞ்சு படபடக்கிறது, உறக்கம் கலைகிறது, அடுக்குமாடி புளோக்கின் மின்தூக்கியில் அறியாதவருடன் ஏறத் தயக்கம் வருகிறது, வீட்டாரிடம் காரணமின்றி எரிந்துவிழ நேர்கிறது. சிலர் எதுவும் உறைக்காததுபோல் மரத்துப்போவார்கள்; அழவில்லை என்பதால் பாதிப்பில்லை என முடிவுகட்டாதீர்கள்.

உடனே அழித்துவிடத் தோன்றும். எண், தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகே அனுப்பியவரைத் தடுக்க வேண்டும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் புண் கிளறப்படும் என்பதால், அவர் இசைந்தால் இந்த வேலையை நீங்களே செய்துகொடுங்கள். குடும்பக் குழுவில் அதைப் பகிர்வது உதவியாகாது.

சிங்கப்பூரில் 2014ஆம் ஆண்டின் துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டம் இணையவழித் தொல்லைக்கும் பொருந்தும். அதன்கீழ் நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கோரலாம். பாலியல் இன்பத்துக்காகவோ இழிவுபடுத்தவோ, பெறுபவரின் சம்மதமின்றி அந்தரங்க உறுப்பின் படத்தை அனுப்புவது 2020 ஜனவரி முதல் ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். எனினும் காவல்துறையிடம் போவதா என்பதை அவரே தீர்மானிக்கட்டும். அவர் விருப்பத்தைக் கேளாமல் ஒருவர் நடந்துகொண்டது போதும். தயங்கினால், 24 மணி நேரமும் இயங்கும் 1800-777-0000 என்ற, வன்முறைக்கும் பாலியல் தொல்லைக்கும் எதிரான தேசிய உதவி எண்ணில் முதலில் பேசிப் பார்க்கலாம். அழைக்கும்போது அருகில் இருங்கள்.

புகார் கொடுத்த பிறகும் அந்த வாட்ஸ்அப் ஒலி சில காலம் அவரை நடுங்க வைக்கும். புதிய எண்ணிலிருந்து அவரை அழைப்பதற்கு முன், “நான்தான், அக்கா” என்று ஒரு வரி அனுப்பிவிடுங்கள்.