கருவிக்குப் பாதுகாப்பு மென்பொருள்: இலவசமா, காசுக்கா என்று பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பு வாவிக்கரையில் ஓர் இறால் பண்ணை. குளத்து நீரின் ஒக்சிஜனை அளந்து, குறைந்தால் காற்றூட்டி மோட்டரைப் போடும் பெட்டி ஒன்றைச் செய்கிறீர்கள் என்று வையுங்கள். உள்ளே ஈஎஸ்பி32 என்ற வைஃபை உள்ள சிறு சிப். அது இணையத்தோடு பேசுவதைப் பாதுகாக்க ஓப்பன் சோர்ஸ் மென்பொருளா, காசு கொடுத்து வாங்குவதா?

“கோட் திறந்துதானே கிடக்கிறது, யாராவது பார்த்திருப்பார்கள்” என்று விட்டுவிடாதீர்கள். இணையத் தொடர்பைக் குறியாக்கும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எல்லில் 2012இல் புகுந்த ஹார்ட்பிளீட் ஓட்டை 2014 ஏப்ரலில்தான் வெளியே தெரிந்தது.

சரி, காசு கொடுத்தால் கவலை இல்லையா? ட்ரெக் நிறுவனம் விற்ற, கருவிகள் இணையத்தில் தகவல் அனுப்பிப் பெற உதவும் டிசிபி/ஐபி மென்பொருளில் 2020இல் 19 ஓட்டைகள் வெளிவந்தன. ரிப்பிள்20 என்பது அவற்றின் பெயர். பிரிண்டர் முதல் மருந்தேற்றும் பம்ப் வரை அந்த மென்பொருள் இருந்தது. தங்கள் கருவிக்குள் அது இருப்பதே பல தயாரிப்பாளர்களுக்குத் தெரியவில்லை. ஆகவே எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்று எழுதி வையுங்கள்.

உரிமத்தையும் படியுங்கள். சிறு கருவிகளுக்கான குறியாக்க மென்பொருள்கள் இரண்டைப் பாருங்கள். எம்பெட் டிஎல்எஸ்ஸை அப்பாச்சி 2.0 உரிமத்தில் எடுக்கலாம், உங்கள் கோடை வெளியே கொடுக்க வேண்டியதில்லை. வுல்ஃப்எஸ்எஸ்எல் ஜிபிஎல்லிலும் (அதோடு சேர்த்து விற்கும் உங்கள் கோடையும் கொடுக்கச் சொல்லும் உரிமம்) கிடைக்கும், காசுக்கும் கிடைக்கும். உங்கள் கோடை வெளியே கொடுக்க விருப்பமில்லை என்றால் வுல்ஃப்எஸ்எஸ்எல்லுக்குக் காசு கட்டத்தான் வேண்டும். அதுவும் டொலரில். 2022இல் டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனதை மறக்காமல் கணக்குப் போடுங்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது வேறொன்று. நாளைக்கு டெமோ, சேர்வர் யாரென்று உறுதிசெய்யும் சர்ட்டிஃபிகேட் சரிவரவில்லை. உடனே கோடில் அந்தச் சோதனையை நிறுத்தும் ‘செட்இன்செக்யூர்’ என்று ஒரு வரி போடுகிறார்கள், வேலை செய்கிறது. அந்த வரி அப்படியே பண்ணைக்கும் போய்விடுகிறது. தகவல் குறியாக்கத்தோடுதான் போகும், ஆனால் மறுமுனையில் இருப்பது உங்கள் சேர்வர்தானா என்று பெட்டி பார்ப்பதே இல்லை. அதே வைஃபையில் நுழைந்த ஒருவர் சேர்வர்போல நடித்து மோட்டரை நிறுத்தச் சொல்லலாம். குளத்தில் ஒக்சிஜன் மிகக் குறைவது விடியற்காலையில். அந்த நேரத்தில் மோட்டர் நின்றால் இறால் செத்துப்போகும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மென்பொருளும் இதைத் தடுக்காது.

அப்புறம், திருத்தம் எதுவரை வரும் என்று கேளுங்கள். ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1க்குப் பொதுவான திருத்தங்கள் 2023 செப்டெம்பரோடு நின்றன. அதன்பின் காசு கட்டியவர்களுக்கு மட்டும். வந்த திருத்தம் வாகரையில் பொருத்திய பெட்டிக்கு எப்படிப் போகும்? பெட்டியின் ஃபிளாஷ் நினைவகத்தில் இரண்டு ஃபேர்ம்வெயருக்கு (பெட்டியை இயக்கும் மென்பொருள்) இடம் விட்டு, டிஜிட்டல் கையொப்பம் சரியென்றால் மட்டும் புதியதை ஏற்கும்படி முதல் பெட்டியிலேயே செய்யுங்கள். ஏற்றும்போது கரண்ட் போனாலும் பழையது மீண்டும் இயங்க வேண்டும்.