வணிகச் செய்தியாளர் மலையகத்தில் வாக்குக் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பங்குச்சந்தையும் வரவு செலவுத் திட்டமும் தொலைக்காட்சியில் பேசிப் பெயரெடுத்தவர் பாராளுமன்றத் தேர்தலுக்கு வரும்போது அவரிடம் இரண்டு மூலதனம் இருக்கிறது. முகம் நாலு பேருக்குத் தெரியும், கணக்கு நன்றாக வரும். முகத்தைத்தான் பலர் பெரிதாக நம்புகிறார்கள். அதுவே முதல் தவறு. ஈடி நவ் வணிக அலைவரிசையில் நிர்வாக ஆசிரியராக இருந்த சுப்ரியா ஸ்ரீநேத் 2019இல் உத்தரப் பிரதேசத்தின் மகராஜ்கஞ்ச் தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளராக நின்றார். அவருடைய தந்தை எம்.பி.யாக இருந்த தொகுதி அது. அப்படியும் தோற்றார். இலங்கை மலையகத்தின் நுவரெலியாவிலோ பதுளையிலோ குடும்பப் பெயரும் தொழிற்சங்கமும் பின்னால் இல்லாத ஒருவருக்குக் கணக்குதான் கை கொடுக்கும். அதையும் எங்கே, எப்படிப் போட்டுக் காட்டுவது என்று தெரிந்திருக்க வேண்டும்.

நாட்சம்பளத்தை ஒரே எண்ணாகச் சொல்வது

2024 மே தினத்தன்று கொட்டகலையில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளமாக அறிவிக்கப்பட்ட தொகை 1,700 ரூபாய். அதில் 1,350 அடிப்படைச் சம்பளம், 350 உற்பத்தி ஊக்குவிப்பு. பெருந்தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் போயின. செப்டெம்பரில் அரசாங்க வர்த்தமானியில் வந்தது 1,350 அடிப்படைச் சம்பளம். 2026 வரவு செலவுத் திட்டம் சொன்ன 1,750ஐப் பிரித்தாலும் கம்பனி தரும் 1,550, அரசாங்கம் தரும் 200 ரூபாய் வருகை ஊக்குவிப்பு என்று இரண்டாக வரும். ஆகவே மேடையில் எந்தத் தொகையைச் சொல்வதற்கு முன்னும் மூன்றைப் பிரித்துச் சொல்லுங்கள்: அடிப்படை எவ்வளவு, மீதியை யார் தருகிறார், என்ன நிபந்தனையில் தருகிறார். ஒரு கம்பனியின் காலாண்டு இலாபத்தைப் பார்த்து இதே கேள்விகளைக் கேட்டுப் பழகியவர்தானே நீங்கள்.

சம்பளச் சிட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். உதாரணத்துக்கு அடிப்படை 1,350 ரூபாய் என்று வையுங்கள்: அதற்கு ஊழியர் சேமலாப நிதியாகத் தொழிலாளியிடம் 8 வீதம், அதாவது 108 ரூபாய், பிடிக்கப்படுகிறது. ஒரு முழு நாள் வேலைக்கு ஒரு பேர் விழும். மாதத்தில் 25 பேர் விழுந்தால் மொத்தம் 33,750. அதில் 2,700 போக 31,050. இதிலிருந்துதான் சங்கத்துக்குச் சந்தா, தீபாவளி முற்பணம், கடன் எல்லாம் கழியும். மழையும் வறட்சியும் வேலை நாளைத் தின்னும் மாதத்தில் 25 பேர் என்பதே கனவு. தோட்டம் கேட்கும் கிலோ வராவிட்டால் அரைப்பேர். தராசில் ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று கழிக்கும் கிலோவும் இதில் சேரும். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் நிற்கும் பெண்ணுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். நீங்கள் ஓரிடத்தில் தடுமாறினாலும் அவருக்குத் தெரிந்துவிடும்.

மறுபக்கத்தையும் படித்து வையுங்கள். கம்பனிக்காரர் சொல்லப்போவது இது: அதே 1,350 ரூபாயோடு சேமலாப நிதிக்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம் சேர்த்தால் ஓர் ஆளுக்கு ஒரு நாள் 1,552.50. ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். இருபது கிலோ பறித்தால் நாலு கிலோ தூள். அப்படியானால் பறிக்கும் கூலி மட்டும் தூள் கிலோவுக்கு 388 ரூபாய். இந்தக் கணக்கு பிழையில்லை, அரைகுறை. காடு மண்டிய மலையில், உரம் காணாத கிழட்டுச் செடியில் இருபது கிலோ எப்படி வரும்? கிலோ குறைந்ததற்குப் பறிப்பவர் எவ்வளவு பொறுப்பு, மலையைப் பராமரிக்காத நிர்வாகம் எவ்வளவு பொறுப்பு? 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்ட பின் விளைச்சலுக்கு என்ன ஆனது? கொழும்பு ஏலத்தில் உயர்நிலத் தேயிலை அந்த வாரம் என்ன விலை போனது? இந்தக் கேள்விகளை எண்ணோடு கேட்கக்கூடிய வேட்பாளர்கள் மலையகத்துக்கு உண்மையிலேயே தேவை. வணிகச் செய்தியாளர் ஒருவர் இங்கே வந்து நிற்பதற்கு நியாயம் இருக்கிறதென்றால் அது இதுதான்.

வாக்குச்சீட்டைப் படிப்பிக்காமல் விடுவது

உங்கள் வேட்பாளர் இலக்கத்தை மட்டும் ஊரெல்லாம் ஒட்டினால் வாக்கு வீணாகும். வாக்காளர் முதலில் கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ புள்ளடி (X) போட வேண்டும். அதன் பிறகே கீழே உள்ள இலக்கங்களில் ஆகக் கூடியது மூன்றுக்கு விருப்பு வாக்கு, அதாவது அந்தப் பட்டியலில் தனக்குப் பிடித்த ஆளுக்கான வாக்கு. கட்சியை விட்டுவிட்டு இலக்கத்துக்கு மட்டும் போட்டால் சீட்டே நிராகரிக்கப்படும். மூன்றுக்கு மேல் போட்டால் கட்சி வாக்கு நிற்கும், விருப்பு வாக்குப் போய்விடும். சீட்டில் உங்கள் பெயர் இல்லை, முகமும் இல்லை. எனவே சின்னம் முதலில், இலக்கம் அடுத்து, முகம் கடைசியில் என்ற ஒழுங்கில் துண்டுப்பிரசுரம் அடியுங்கள். வேட்புமனு ஏற்கப்பட்டு இலக்கம் கிடைக்கும் முன் அச்சுக்குக் கொடுக்க வேண்டாம்.

இந்த முறையில் உங்களோடு மிக நெருக்கமாகப் போட்டியிடுபவர் உங்கள் பட்டியலிலேயே இருக்கிறார். 2024இல் நுவரெலியாவுக்கு 8 ஆசனங்கள், ஒரு பட்டியலில் 11 பேர். அப்போது தேசிய மக்கள் சக்தி 5, ஐக்கிய மக்கள் சக்தி 2, ஐக்கிய தேசியக் கட்சி 1 என்று பிரிந்தது. பட்டியல் எத்தனை ஆசனம் எடுக்கும், அதற்குள் நீங்கள் எத்தனையாவதாக வர முடியும் என்ற இரண்டையும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். பட்டியலில் உள்ள தமிழ் வேட்பாளர்கள் மூவராக இணைந்து மூன்று விருப்பு வாக்கையும் கேட்பது, ஆளை ஆள் வெட்டுவதைவிட நல்லது. தனியாகச் சுயேச்சைக் குழு இறக்க நினைப்பவர்கள் மாவட்டத்தில் 5 வீதம் தாண்டாத பட்டியலுக்கு ஆசனமே இல்லை என்பதை மறக்கக்கூடாது. கண்டி, பதுளை, இரத்தினபுரி மாவட்டங்களில் சிங்கள வாக்காளரின் விருப்பு வாக்கும் வேண்டும். சிங்களத்தில் பத்து நிமிடம் கடதாசி பாராமல் பேசப் பழகாமல் அங்கே இறங்காதீர்கள்.

கொழுந்து மலைக்குள் கமராவோடு போவது

வேலை நேரத்தில் மலைக்குள் போய்ப் பேச்சுக் கொடுத்தால் அவர்களுக்குக் கிலோ குறையும், அன்றைய பேரே போகலாம். அந்திக் கொழுந்தைத் தராசில் நிறுத்து, பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்) பிள்ளையை எடுத்து, வீட்டில் அடுப்பு மூட்டிய பிறகு அவர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போங்கள். அதற்கு முன் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவருக்கும் மாதர் சங்கத் தலைவிக்கும் சொல்லி அனுப்புங்கள். அவர்கள் வேறு சங்கமாக இருந்தாலும் சொல்வதுதான் மரியாதை.

எல்லோரும் கொழுந்து பறிப்பவர்கள் என்றும் எண்ண வேண்டாம். கொழும்பில் கடையிலும் ஹோட்டலிலும் நிற்கும் இளைஞர், ஆசிரியர், ஓட்டோக்காரர், மரக்கறித் தோட்டம் செய்பவர் எல்லோருக்கும் வாக்கு இங்கேதான். லயத்துப் பாதை, குடிநீர் பற்றி வாக்குறுதி கொடுக்கும் முன் அது பிரதேச சபை என்ற உள்ளூராட்சி மன்றத்தின் வேலையா, எம்.பி.யின் வேலையா என்று பாருங்கள். பிரதேச சபைகள் தோட்டத்துக்குள் செலவு செய்ய 2018இல்தான் சட்டம் திருத்தப்பட்டது.

பழைய தொழிலைச் சுத்தமாக முடிக்காமல் வருவது

பெருந்தோட்டக் கம்பனிப் பங்குகள் உங்களிடம் இருந்தால் வேட்புமனுவுக்கு முன்பே வெளியில் சொல்லுங்கள். சொத்து, பொறுப்பு விவரத்தில் எப்படியும் வரும், எதிரணி முதலில் சொன்னால் குற்றம் போலத் தெரியும். பழைய நேர்காணல்களை உட்கார்ந்து பாருங்கள். கம்பனித் தலைவரிடம் தலையாட்டிய அரை நிமிடம்தான் பேஸ்புக்கில் சுற்றும். நிகழ்ச்சியிலிருந்து விலகிவிட்டு வேட்பாளராகுங்கள், நிலையத்தின் காட்சிகளை அனுமதியில்லாமல் பிரசாரத்துக்கு எடுக்காதீர்கள். வெளிநாட்டில் வேலை செய்து இரட்டைக் குடியுரிமை எடுத்தவர்கள் போட்டியிட முடியாது. 2017இல் எம்.பி. கீதா குமாரசிங்கவின் ஆசனம் போனது அதனால்தான். நடுவில் நீக்கப்பட்ட அந்தத் தடையை 2022இல் அரசியலமைப்பின் 21ஆவது திருத்தம் திரும்பக் கொண்டுவந்தது.

செலவுக் கணக்கை முகவரிடம் விட்டுவிடுவது

கூரைத் தகடு, சீலை, சாராயம், சாப்பாடு என்று வாக்குக்காக எது கொடுத்தாலும் தேர்தல் குற்றம். ஆதரவாளர் கொடுத்தார் என்று தப்ப நினைப்பது ஆபத்து. 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவினச் சட்டப்படி செலவின் உச்ச எல்லையைத் தேர்தல் ஆணைக்குழு நிர்ணயிக்கும். ஒலிபெருக்கி வாடகை, வான் எண்ணெய், பேஸ்புக் விளம்பரம் என ஒவ்வொன்றுக்கும் பற்றுச்சீட்டை அன்றைக்கே கோப்பில் போடுங்கள். முடிவு வெளியாகி 21 நாளுக்குள் கணக்கு ஒப்படைக்க வேண்டும், தோற்றவரும்தான்.