ஜிலேபி மீன் குஞ்சுக்குத் தடுப்பூசி போடுவது எப்படி

பல்லடம், நாமக்கல் பக்கம் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் சொட்டு எத்தனையாவது நாள் விட வேண்டும் என்று சொல்லிவிடும். அதே வீட்டில் பண்ணைக்குட்டை வெட்டி ஜிலேபி மீன் (திலாப்பியா) விட்டால் மட்டும், மீன் மிதந்த பிறகுதான் மருந்துக்கடைக்கு ஓடுகிறோம். போன மாசியில் நான் கையில் சிரிஞ்சோடு குட்டை மேட்டில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்துத் தோட்டத்து மாமா வந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க மாப்ள, மீனுக்குமா ஊசி?" என்று சிரித்தார்.

இது புதுச் சங்கதி இல்லை. 1942-லேயே கனடாவில் டஃப் என்பவர் செத்த பாக்டீரியாவைத் தீவனத்தில் கலந்து டிரவுட் மீனுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார். நார்வேயில் 1987-இல் சால்மன் பண்ணைகளுக்குக் கிட்டத்தட்ட 50 டன் ஆன்டிபயாடிக் போனது. நல்ல ஊசி மருந்து வந்த பிறகு, பத்து வருடத்துக்குள் மீன் பல மடங்கு பெருகியும் அது ஒரு டன் அளவுக்கு இறங்கிவிட்டது.

சரி, நம் குட்டைக்கு வருவோம். முதலில் எந்தக் கிருமி என்று தெரிய வேண்டும், இதைத் தாண்டிக் குதிக்கிறவர்கள்தான் அதிகம். கண் பிதுங்கி, மீன் பம்பரம் மாதிரி சுற்றிச் சுற்றி நீந்தினால், அதுவும் தண்ணீர் 30 டிகிரியைத் தொடுகிற சித்திரை வெயிலில் என்றால், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா மேல் சந்தேகப்படலாம். உடம்பில் சிவப்புத் திட்டு, வயிற்றில் நீர் கோத்து உப்பல், செதில் தூக்கி நிற்பது என்றால் ஏரோமோனாஸ் என்ற இன்னொரு பாக்டீரியாவாக இருக்கலாம். "இருக்கலாம்" என்றுதான் சொல்கிறேன், கண்ணால் பார்த்து முடிவு கட்ட முடியாது. சாகும் தறுவாயில் இருக்கும் மீனை உயிரோடு, ஆக்சிஜன் பிடித்த பையில் போட்டு ஆய்வுக்குக் கொண்டுபோங்கள். பவானிசாகரில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையம் இருக்கிறது, அங்கே விசாரிக்கலாம். செத்து மிதந்த மீனைக் கொண்டுபோய்ப் பயனில்லை, அழுக ஆரம்பித்த உடம்பில் தண்ணீரில் சும்மா கிடக்கும் ஏரோமோனாஸ் தானாகவே பெருகி ஆய்வைத் திசை திருப்பிவிடும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே என்ற ஒரே இனத்திலேயே பல ரகம் உண்டு, ஒரு ரகத்துக்கான மருந்து இன்னொன்றைத் தடுக்கும் என்று நம்ப முடியாது. மீன் பேன், பூஞ்சை, விடியற்காலை ஆக்சிஜன் குறைவு, இதற்கெல்லாம் இந்த ஊசி ஒன்றும் செய்யாது.

கட்லா, ரோகு வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: புவனேசுவரத்தில் உள்ள நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 'சிஃபா புரூட்-வேக்' என்று ஒன்றை உருவாக்கியிருக்கிறது, அது தாய் மீனுக்குப் போடுவது, குஞ்சு பிழைப்பதற்காக. அது பொரிப்பகம் வைத்திருப்பவர் வேலை, உங்கள் குட்டையில் போடுவதில்லை.

மருந்து எங்கே வாங்கினாலும் பேட்ச் எண், காலாவதித் தேதி, எந்தக் கிருமிக்கு என்பது லேபிளில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஓசியில் கொடுத்தாலும் வேண்டாம். 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், உறையக் கூடாது. நான் முதல் தடவை குளிர் நன்றாக இருக்கட்டுமே என்று பாட்டிலை ஃப்ரீசருக்குப் பக்கத்துத் தட்டில் ஒட்டி வைத்தேன், காலையில் பார்த்தால் பாதி பனிக்கட்டி. அது எண்ணெய் கலந்த மருந்து, உறைந்து உருகினால் பிரிந்துவிடும், அதைக் குலுக்கிச் சரிசெய்ய முடியாது. அத்தனை காசும் குப்பைக்குப் போனது.

எப்போது போடுவது? தை கடைசியில் விட்ட குஞ்சு மாசியில் 20, 25 கிராம் வந்திருக்கும், அதுதான் பதம். எதிர்ப்புச் சக்தி ஒரே நாளில் வருவதில்லை. குளிர்நாட்டு மீனுக்கு ஒரு கணக்கு உண்டு: தண்ணீரின் டிகிரியை நாளால் பெருக்கினால் நானூறு சொச்சம் வர வேண்டும். நம் 27 டிகிரித் தண்ணீருக்குப் பதினாறு, பதினேழு நாள் ஆகிறது, நான் மூன்று வாரம் என்று வைத்துக்கொள்கிறேன். பங்குனி வெயில் ஏறுவதற்குள் அந்த மூன்று வாரம் முடிந்திருக்க வேண்டும். மீன் ஏற்கெனவே சாக ஆரம்பித்துவிட்டால் ஊசியை எடுக்கவே எடுக்காதீர்கள். வலையில் வாரி, கையில் பிடித்துக் குத்துகிற அலைக்கழிப்பிலேயே மிச்சமும் போய்விடும்.

ஊசிக்கு முந்தின நாள் தீவனம் நிறுத்துங்கள். குடல் காலியாக இருந்தால்தான் ஊசி குடலைக் குத்தாது, தொட்டித் தண்ணீரும் கெடாது. விடியக் காலையில் ஆரம்பித்து வெயில் ஏறுவதற்குள் முடியுங்கள். மயக்கத்துக்கு நான் கிராம்பு எண்ணெய் பயன்படுத்துகிறேன். அது தண்ணீரில் நேராகக் கரையாது, ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு ஆல்கஹால் சேர்த்துக் கலக்கிவிட்டு ஊற்ற வேண்டும். நூறு லிட்டர் தொட்டிக்கு எண்ணெய்க் கணக்கில் 4 மில்லி போதும், ஏரேட்டர் ஓடிக்கொண்டே இருக்கட்டும். முதலில் ஐந்து மீனை விட்டுப் பாருங்கள்: இரண்டு மூன்று நிமிடத்தில் சாய்ந்து படுக்க வேண்டும், செவுள் மட்டும் ஆடிக்கொண்டிருக்க வேண்டும். செவுள் நின்றால் அளவு அதிகம், உடனே நல்ல தண்ணீருக்கு மாற்றுங்கள்.

மருந்தை வெளியே எடுத்து, தொட்டித் தண்ணீர் சூட்டுக்கு வந்ததும் நன்றாகக் குலுக்குங்கள். ஒரு மீனுக்குப் பெரும்பாலும் 0.05 அல்லது 0.1 மில்லி, லேபிள் சொல்வதுதான் கணக்கு. ஐயாயிரம் குஞ்சுக்கு 0.05 என்றால் 250 மில்லி. கோழிக்குப் போடும் ஆட்டோமேட்டிக் சிரிஞ்சு வீட்டில் இருக்கும், ஆனால் இவ்வளவு சின்ன அளவுக்கு அது இறங்குகிறதா என்று பாருங்கள், பல சிரிஞ்சுகள் இறங்காது. குத்த வேண்டிய இடம் வயிற்று நடுக்கோடு, வயிற்றுத் துடுப்புக்கும் மலத்துவாரத்துக்கும் இடையில், லேபிளோடு வரும் படத்தில் உள்ளபடி. வயிற்றறைக்குள் போனால் போதும், ஆழம் வேண்டாம், ஊசியில் ஒரு சின்ன ரப்பர் தடுப்பு மாட்டிக்கொள்ளுங்கள். முதல் நாலைந்து மீனை அறுத்துப் பார்ப்பது என் வழக்கம்: எண்ணெய் வயிற்றறைக்குள் இருந்தால் கை சரி, சதைக்குள்ளோ குடலுக்குள்ளோ இருந்தால் கோணத்தை மாற்ற வேண்டும். நாலு மீன் போனால் போகட்டும், ஐயாயிரம் தப்புக் குத்தாவது மிச்சம். ஊசி நுனி மழுங்கியதும் மாற்றிவிடுங்கள்.

ஒரு விஷயத்தில் விளையாட்டே வேண்டாம். எண்ணெய் கலந்த மருந்து உங்கள் விரலில் குத்திவிட்டால், சின்னக் குத்துதானே என்று வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு வேலையைப் பார்க்காதீர்கள். விரலே போகிற அளவுக்கு வீங்கலாம். லேபிளையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், உள்ளே போனது எண்ணெய் மருந்து என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஊசி போட்ட மீனை நல்ல காற்றோட்டமுள்ள தொட்டியில் விட்டு, நிமிர்ந்து நீந்திய பிறகு குட்டைக்கு மாற்றுங்கள். மறுநாள் முதல் கொஞ்சமாகத் தீவனம், நாலைந்து நாள் மந்தமாகத்தான் தின்னும். அந்த மூன்று வாரமும் வலை போடுவது, வேறு குட்டைக்கு மாற்றுவது எதுவும் வேண்டாம். ஒரு நூறு குஞ்சுக்கு ஊசி போடாமல் அடையாளத்துக்கு ஒரு பக்க வயிற்றுத் துடுப்பை அடியோடு நறுக்கி அதே குட்டையில் விட்டுவைத்தால், சித்திரையில் எது எத்தனை செத்தது என்று எண்ணி எழுதலாம். மருந்து வேலை செய்ததா என்பதை விற்றவரிடம் கேட்க வேண்டியிருக்காது.

இரண்டு மூன்று கிராம் குஞ்சுக்கு ஊசி குத்த முடியாது, அதற்கு முக்கியெடுக்கும் மருந்து உண்டு. பலவற்றில் ஒரு லிட்டர் மருந்துக்கு ஒன்பது லிட்டர் தண்ணீர் சேர்த்து, வலைக்கூடையில் அள்ளி அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை முக்குவார்கள். வேலை சுலபம், காவல் ஊசி அளவுக்கு நீடிப்பதில்லை. தீவனத்தில் கலக்கும் மருந்தில் எனக்கு நம்பிக்கை குறைவு, எந்த மீன் எவ்வளவு தின்றது என்று யாருக்குத் தெரியும்?

அன்று வேலை முடிந்து சாமான்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது மாமா மறுபடி வந்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. "மாப்ள, மருந்து மிச்சம் இருக்குங்களா? நம்ம குட்டைல நேத்திருந்து நாலஞ்சு சுத்திச் சுத்தி வருதுங்க." பாட்டிலில் கொஞ்சம் மிச்சம் இருந்தது, அதைத் தரவில்லை. ஆக்சிஜன் பையைக் கொடுத்து, அப்படிச் சுற்றுகிற மீன் இரண்டை உயிரோடு பிடித்து வரச் சொன்னேன்.