தெருப் படம் எடுக்க ஒரு சின்ன லென்ஸ்: மட்டக்களப்பில் தொடங்குபவர்களுக்கு

கமரா வாங்கிச் சில மாதம் ஆனதும் இங்கே பலரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணா, கிட் லென்ஸ் இருக்கு. அடுத்ததா எதை வாங்கலாம்?" கமராவோடு சேர்ந்து வரும் லென்ஸைத்தான் கிட் லென்ஸ் என்பார்கள். கேட்கும்போதே மனதில் ஒரு பதிலும் வைத்திருப்பார்கள். ஒன்று 50 மி.மீ. எஃப் 1.8, இல்லாவிட்டால் ஒரு 70-300. (மி.மீ. எண் லென்ஸின் குவியத்தூரம், அது கூடக் கூடக் காட்சி நெருங்கும். எஃப் எண் துவாரத்தின் அளவு, அது குறையக் குறைய வெளிச்சம் கூடும்.) கல்யாண வீட்டில் முகங்களை எடுக்க முதலாவது நல்லது, கிரிக்கெட் மைதானத்துக்கு இரண்டாவது நல்லது. சந்தைக்கும் பஸ் நிலையத்துக்கும் தேத்தண்ணிக் கடைக்கும் நாள்தோறும் கொண்டு போக இரண்டுமே பொருந்தாது. அதற்குத் தேவை சின்னதாக, பாரமில்லாமல், கொஞ்சம் அகலமாகக் காட்டும், சூம் இல்லாத ஒற்றைக் குவியத்தூர லென்ஸ். அதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று ஒழுங்காகப் பார்ப்போம்.

படி 1: உங்கள் கமராவின் சென்சரைத் தெரிந்துகொள்ளுங்கள்

கெனன் 200டி, 1500டி, நிக்கொன் டி3500, டி5600, சோனி ஏ6000 வரிசை, புஜி எக்ஸ் வரிசை எல்லாம் ஏபிஎஸ்-சி எனப்படும் நடுத்தர அளவுச் சென்சர் (படத்தைப் பதியும் தகடு) கொண்டவை. ஒரே லென்ஸை, பழைய ஃபிலிம் அளவுக்குப் பெரிய சென்சர் கொண்ட முழுச்சட்டக் கமராவில் மாட்டினால் தெரியும் காட்சியின் நடுப்பகுதி மட்டும்தான் இவற்றில் விழும். ஆகவே லென்ஸில் எழுதியிருக்கும் எண்ணை கெனனில் 1.6 ஆலும், மற்ற மூன்றிலும் 1.5 ஆலும் பெருக்கிப் பாருங்கள். பனசொனிக், ஒலிம்பஸின் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கமரா என்றால் 2 ஆல்.

தெருப் படக்காரர்கள் 28, 35, 50 என்று பேசுவது முழுச்சட்டக் கணக்கு. உங்கள் கெனனில் 24 மாட்டினால் 38 போல நடக்கும். 50 மாட்டினால் 80 போல நடக்கும். 80 என்பது முகப்படத்துக்கான பார்வை.

படி 2: எவ்வளவு தூரத்தில் நிற்கப் போகிறீர்கள்?

லென்ஸ் தெரிவில் முக்கால்வாசி வேலை இந்தக் கேள்விதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மீன் கடையில் ஒருவர் நின்றபடி பாரை மீனை வெட்டிக்கொண்டிருக்கிறார். கமராவைக் கிடையாகப் பிடித்து, அவரது தலை முதல் கால் வரை, மேலும் கீழும் சிறிது இடம் விட்டு எடுக்க வேண்டும். ஏறக்குறைய 2 மீற்றர் உயரம் சட்டத்துக்குள் வர வேண்டும் என்று வையுங்கள். கெனன் ஏபிஎஸ்-சி கமராவில் 50 மி.மீ. மாட்டியிருந்தால் நீங்கள் 6.7 மீற்றர் பின்னுக்குப் போக வேண்டும். 35 என்றால் 4.7 மீற்றர். 24 என்றால் 3.2 மீற்றர். 18 என்றால் 2.4 மீற்றர்.

சந்தைக்குள் 6.7 மீற்றர் பின்னுக்குப் போக எங்கே இடம்? முதுகு எதிர்க் கடையின் பலகையில் முட்டும். வெளித் தெருவில் இடம் இருந்தாலும் உங்களுக்கும் அவருக்கும் நடுவில் இரண்டு சைக்கிளும் ஓர் ஆட்டோவும் கட்டாயம் வரும்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. ஏழு மீற்றருக்கு அப்பால் நின்று எடுப்பவர், பார்க்கிறவர் கண்ணுக்கு ஒளித்து எடுப்பவராகத்தான் தெரிவார். மூன்று மீற்றரில் நின்றால் கதைக்கலாம். நம்முடைய ஊர் சின்ன ஊர். கமராவோடு நின்றால் இரண்டு நிமிடத்தில் யாராவது "நீங்க ஆர்ர மகன்?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன பிறகு எடுக்கும் படத்தில் முகம் இளகியிருக்கும், கை தன் வேலையைத் தொடர்ந்து செய்துகொண்டிருக்கும். அந்தத் தூரத்துக்குப் பொருந்துகிற லென்ஸ்தான் இங்கே தெரு லென்ஸ். முழுச்சட்டக் கணக்கில் 35 முதல் 40 வரை.

50 மி.மீ. லென்ஸுக்கும் இடம் உண்டு. கல்லடிப் பாலத்தில் நின்று வாவியில் தோணியிலிருந்து வலை வீசுபவரை எடுக்க 24 போதாது, மனிதர் புள்ளியாகிவிடுவார். 1924 இல் திறந்த பழைய பாலமும் 2013 இல் திறந்த புதிய பாலமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால், ஒன்றில் நின்று மற்றதன் கீழ் வரும் தோணியை நெருக்கி எடுக்கவும் 50 கைகொடுக்கும். ஆனால் அது குறிப்பிட்ட ஓர் இடத்துக்கான தேவை, முதல் லென்ஸுக்கான காரணம் அல்ல.

படி 3: காசு செலவழிக்க முன்னர் கிட் லென்ஸில் பழகுங்கள்

கையில் இருக்கும் 18-55 ஐ 24 இல் வைத்து, சுழலும் வளையம் அசையாதபடி ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். ஒரு வாரம் அதை மாற்றவே வேண்டாம். காந்தி பூங்காவில் தொடங்கி, பக்கத்தில் இருக்கும் மட்டக்களப்பு வாயில், மணிக்கூட்டுக் கோபுரம், பிறகு சந்தை என்று நடங்கள். கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் இருப்பவர்கள் தங்கள் பசார் வீதியிலேயே செய்யலாம். அடுத்த வாரம் 35 இல் ஒட்டுங்கள்.

வீட்டுக்கு வந்து படங்களைத் திறந்து, எதை வெட்டிச் சின்னதாக்கினீர்கள் என்று பாருங்கள். 24 இல் எடுத்த படம் ஒவ்வொன்றையும் நாலு பக்கமும் வெட்டத் தோன்றினால் உங்கள் கண்ணுக்கு 35 தான் ஏற்றது. 35 உடன் நடக்கும்போது அடிக்கடி பின்வாங்கிச் சுவரில் முட்டினீர்கள் என்றால் 24. இரண்டிலும் ஓரங்களில் ஆட்கள் வெட்டுப்பட்டுக்கொண்டே இருந்தால் 18 பக்கம் பாருங்கள். ஆனால் 18 இல் ஓரத்தில் நிற்பவரின் முகம் இழுபட்டுத் தெரியும், அதற்குப் பழகக் காலம் எடுக்கும்.

ஒரு கட்டுப்பாடு: பழைய படங்களின் விபரத்தைத் திறந்து "நான் அதிகம் பாவித்தது 18 உம் 55 உம்" என்று முடிவு கட்டாதீர்கள். சூம் வளையத்தைக் கடைசி வரை திருப்புவது கையின் பழக்கம். டேப் ஒட்டிய வாரம் சொல்வதை நம்புங்கள்.

படி 4: பாரமும் துவாரமும்

சிக்மா 18-35 எஃப் 1.8 அருமையான கண்ணாடி. பாரம் 810 கிராம். கெனனின் 24 எஃப் 2.8 லென்ஸ் 125 கிராம், தடிப்பு 22.8 மி.மீ. முதலாவதை விசேடத்துக்கு எடுத்துப் போவீர்கள். இரண்டாவது, வேலைக்குப் போகும் பையில் சாப்பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் கிடக்கும். தெருவில் நல்ல காட்சி நாள் குறித்து வருவதில்லை, ஆகவே பையில் கிடப்பதற்கே என் வாக்கு.

எஃப் 2.8 போதுமா என்றால், தொடங்குபவருக்குப் போதும். பகலில் எப்படியும் எஃப் 8 இல்தான் எடுக்கப் போகிறோம். எஃப் 1.8 இரண்டு மடங்குக்கும் கூடுதலாக வெளிச்சம் தருவது உண்மை. இரவில் கொத்து ரொட்டிக் கடை, திருவிழாக் கடைத்தெரு என்று அடிக்கடி போகிறவர் அதைத் தேடலாம். பின்புலத்தை மங்க வைப்பதற்காக மட்டும் அதை வாங்க வேண்டாம். கடைப் பலகையும் தொங்கும் வாழைக்குலையும் பின்னால் தெரிந்தால்தான் அது தெருப் படம்.

படி 5: எந்தக் கமராவுக்கு எது

கெனன் டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி உள்ள கமரா): இஎஃப்-எஸ் 24 எஃப் 2.8 எஸ்டிஎம். எஸ்டிஎம் என்பது குவிக்கும் மோட்டாரின் வகை. 16 சென்ரிமீற்றர் வரை கிட்டப் போய்க் குவியலாம். இடியப்பத் தட்டையும் எடுக்கலாம், தட்டு நீட்டும் ஆளையும் எடுக்கலாம். ஒரு குறை: இஎஃப்-எஸ் லென்ஸ் முழுச்சட்டக் கெனன் டிஎஸ்எல்ஆரில் ஏறாது. பிறகு முழுச்சட்டம் வாங்கும் எண்ணம் உறுதியாக இருந்தால் இஎஃப் 40 எஃப் 2.8 எடுக்கலாம், 130 கிராம்தான். ஏபிஎஸ்-சி இல் அது 64 போல நெருக்கும்.

நிக்கொன் டிஎஸ்எல்ஆர்: டிஎக்ஸ் 35 எஃப் 1.8ஜி. 200 கிராம். கொஞ்சம் நெருக்கம், ஆனால் விலைக்கு மிக நல்லது. இங்கே ஒரு எச்சரிக்கை. டி3000, டி5000 வரிசைக் கமராக்களின் உடலில் குவிக்கும் மோட்டார் இல்லை. பெயரில் "ஏஎஃப்-எஸ்" இருப்பவை போல, தனக்குள்ளே மோட்டார் கொண்ட லென்ஸைத்தான் அவற்றில் தானாகக் குவிக்கலாம். மலிவாகக் கிடைக்கும் பழைய 50 எஃப் 1.8டி மாட்டினால் கையால் குவிக்க வேண்டி வரும்.

புஜி: எக்ஸ்எஃப் 27 எஃப் 2.8. முதல் பதிப்பு 78 கிராம், முழுச்சட்டக் கணக்கில் 40. சட்டைப் பைக்குள் போகும் தடிப்பு. எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது இதுதான்.

சோனியில் 20 எஃப் 2.8, 69 கிராம். மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கெனன் ஆர்50, ஆர்10 க்கு ஆர்எஃப் 28 எஃப் 2.8. நிக்கொன் இசட்30, இசட்50 க்கு டிஎக்ஸ் 24 எஃப் 1.7. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்றால் பனசொனிக் 20 எஃப் 1.7, குவிவது மெதுவு, படம் நல்லது.

படி 6: பாவித்த லென்ஸ் வாங்கும்போது

நேரில் பார்க்காமல் காசு அனுப்பாதீர்கள். கமராவைக் கையோடு கொண்டு போங்கள்.

போன் டோர்ச்சை லென்ஸின் ஒரு பக்கத்திலிருந்து அடித்து, மறுபக்கத்தால் சரிவாகப் பாருங்கள். நூல் நூலாக, சிலந்தி வலை மாதிரித் தெரிந்தால் பங்கஸ். கடற்கரை ஊர்களில் பாவித்த லென்ஸில் முதலில் தேட வேண்டியது இதைத்தான். நாலைந்து தூசி தெரிந்தால் பயப்பட வேண்டாம், படத்தில் வராது. பிறகு, கல் அடுக்குத் தெரியும் ஒரு சுவருக்கு நேராக நின்று எஃப் 2.8 இல் ஒரு படம் எடுத்து, திரையில் பெருப்பித்து இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் கலங்கியும் இருந்தால் அந்த லென்ஸ் எங்கோ விழுந்து எழும்பியிருக்கிறது. விலை குறைத்தாலும் வேண்டாம். கிட்டவும் தூரவும் மாறி மாறிக் குவித்து, மோட்டார் கரகரக்கிறதா என்று கேளுங்கள்.

படி 7: தெருவுக்கு இறங்க முன்னர் ஒரு செட்டிங்

இந்த முறையைப் பழகிவிட்டால் சின்ன லென்ஸின் முழுப் பலனும் கிடைக்கும். 24 மி.மீ. லென்ஸை எஃப் 8 இல் வைத்து, 2.5 மீற்றரில் குவித்தால், ஒன்றரை மீற்றர் முதல் ஏறக்குறைய 7 மீற்றர் வரை எல்லாம் கூர்மையாக விழும். அதற்குள் யார் வந்தாலும் குவிக்கத் தேவையில்லை, அழுத்தினால் போதும்.

2.5 மீற்றரை எப்படி அளப்பது? ஓர் ஆட்டோவின் நீளம் ஏறக்குறைய அவ்வளவுதான். நிற்கும் ஆட்டோ ஒன்றின் பின்பக்கத்துக்கு நேராக நின்று, முன்சில்லுக்கு நேரே வைத்த ஏதாவது ஒரு பொருளில் தானியங்கியாகக் குவியுங்கள். குவிந்ததும் லென்ஸின் பக்கத்துப் பொத்தானை எம்எஃப் (கையால் குவிப்பது) க்குத் தள்ளிவிடுங்கள். கமராவை நிறுத்தித் திரும்பப் போட்டால் எஸ்டிஎம் லென்ஸ் அந்த இடத்தை மறந்திருக்கலாம், மறுபடி குவித்துக்கொள்ளுங்கள்.

35 மி.மீ. லென்ஸ் என்றால் 3 மீற்றரில் வையுங்கள், 2.2 முதல் 5 மீற்றர் வரைதான் கிடைக்கும். 50 இல் அதே 3 மீற்றரில் வைத்தால் இரண்டரைக்கும் மூன்றே முக்காலுக்கும் இடைப்பட்ட ஒரு சின்னப் பட்டை மட்டும். அகலமான லென்ஸ் தொடங்குபவரை எவ்வளவு மன்னிக்கிறது என்று இதிலேயே தெரியும்.

மற்றவை: எம் மோட் (வேகத்தையும் துவாரத்தையும் நீங்களே வைப்பது), எஃப் 8, வெயிலில் ஷட்டர் வேகம் 1/500, ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) ஓட்டோ. காத்தான்குடிப் பிரதான வீதியில் பேரீச்ச மரங்களுக்கு நடுவே மதிய வெயிலில் நடந்துவிட்டுப் புடவைக் கடைத் தாழ்வாரத்துக்குள் நுழைந்தால் வெளிச்சம் பல மடங்கு விழுந்துவிடும். அப்போது 1/250 க்கு இறக்குங்கள், மிச்சத்தை ஐஎஸ்ஓ பார்த்துக்கொள்ளும். 2000 வரை ஏறினாலும் கவலை இல்லை. கடைக்குள் டியூப் லைட் வெளிச்சத்தில் படத்தின் குறுக்கே இருண்ட கோடுகள் விழுந்தால் 1/100 இல் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் அந்த வேகத்தில் கோடு மறையும். பொழுது பட்டால் எஃப் 2.8 க்குத் திறந்து, மறுபடி தானியங்கிக் குவியத்துக்கு வந்துவிடுங்கள்.

படி 8: கேட்டு எடுப்பது

"ஐயா, ஒரு படம் எடுக்கட்டா?" அவ்வளவுதான். "வேணாம் தம்பி" என்றால் "சரி ஐயா" என்று சொல்லிவிட்டு நகருங்கள். எடுத்தால் திரையைத் திருப்பிக் காட்டுங்கள், வட்ஸ்அப் இலக்கம் தந்தால் அன்றைக்கே அனுப்புங்கள். பெண்களையும் பிள்ளைகளையும் கேட்காமல் எடுக்கவே வேண்டாம். மாமாங்கத்தில் ஆடி அமாவாசைத் தீர்த்தத்தின்போது குளத்தில் நீராடுபவர்கள் பக்கம் கமராவைத் திருப்பாதீர்கள். கரையிலும் கடைத்தெருவிலும் எடுப்பதற்கு ஏராளம் இருக்கிறது. இராணுவ முகாம், சோதனைச் சாவடி எதையும் எடுக்கக் கூடாது.

படி 9: உப்புக் காற்றும் மாரி மழையும்

கல்லடிக் கடற்கரையில் நின்றுவிட்டு வந்தால் லென்ஸின் முன்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத உப்புப் படை இருக்கும். முதலில் காற்றுப் பம்பால் ஊதுங்கள், பிறகு லென்ஸ் திரவத்தில் இலேசாக நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்பு கீறும். 52 மி.மீ. ஃபில்டர் ஒன்று வாங்கினால் கெனன் 24, நிக்கொன் 35 இரண்டுக்கும் பொருந்தும்.

கார்த்திகை முதல் தை வரை ஈரம் கடுமை. லென்ஸைத் தோல் உறையிலோ துணிப் பையிலோ பூட்டி வைக்காமல், காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஒரு சின்ன ஈரப்பத மானியும் உள்ளே போட்டு, 40 முதல் 50 வீதத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். கூடினால் ஜெல்லைக் காயவைத்து மாற்றுங்கள். ஏசி அறையிலிருந்து வெளியே எடுக்கும்போது பையைத் திறக்காமல் அரை மணித்தியாலம் விடுங்கள், கண்ணாடியில் பனி படராது. ஏற்கெனவே பங்கஸ் பிடித்த லென்ஸ் வீட்டில் இருந்தால் அதே பெட்டியில் வைக்காமல் வேறாக வைத்து, திருத்துபவரிடம் கொடுங்கள். நீங்களாகத் திருகைக் கழற்ற வேண்டாம்.